தாலின் கோட்டைவாசலில் நீட்டிய கடவுச்சீட்டு

ஒக்டோபர் 14, செவ்வாய். ஹம் நகரம், ஜெர்மனி.

எழுத வேண்டியவை: 1. தாலின் நகரத்துக் கோட்டைவாசல். 2. அங்கே நான் செய்த மடத்தனம். 3. பயந்தவன் நான் ஒருவன்தான்.

எஸ்தோனியாவின் தலைநகரைப் பார்த்துவிட்டு நானும் மனைவியும் இன்று மாலை வீடு திரும்பினோம். நேற்று அங்கே பழைய நகரத்துக்குள் நுழையும் கல்வாசலில், இரும்புத் தொப்பி அணிந்த ஒருவன் ஈட்டியைக் குறுக்கே நீட்டினான். நான் உடனே கடவுச்சீட்டை எடுத்து, படம் உள்ள பக்கத்தை விரித்துக் காட்டினேன். அவன் திகைத்து, பிறகு சிரித்தான்.

"இஞ்சேருங்கோ, அவன் ஆமிக்காரன் இல்லை, சனம் சேர்ந்து நிண்டு படம் எடுக்கிறதுக்கு வேஷம் போட்டு நிக்கிற ஆள்! விசாவும் காட்டப் போறியளே?" என்று மனைவியும் விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஜெர்மனிக்கு வந்து முப்பத்தைந்து வருடம். யாழ்ப்பாணத்துச் சோதனைச்சாவடி இன்னும் என் கையை விடவில்லை. இனி எந்த ஊருக்கும் போவதில்லை என்று தீர்மானித்திருந்தேன்.

சற்றுமுன் அலுமாரியில் வைப்பதற்காக அவளுடைய கடவுச்சீட்டைக் கேட்டேன்.

"கோட்டுப் பொக்கற்றுக்குள்ள பாருங்கோ."

"கைப்பையிலயெல்லோ வைச்சனீர்?"

"நீங்கள் எடுக்கேக்க நானும் எடுத்தனான். அவன் சிரிச்ச உடன ஒளிச்சுப்போட்டன்."

மூன்றாவதாக எழுதியது பிழை.