கிண்ணியாத் துறையில் உருண்ட ஜீப்

12.8.1969, செவ்வாய் இரவு

கிண்ணியாப் படகுத்துறைச் சரிவில் ஜீப்பை நிறுத்தி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு இறங்கினேன். உள்ளே நான் ஏற்றிவந்த மருத்துவிச்சி மிஸ்ஸி தூங்கிக்கொண்டிருந்தார். பத்தடி நடப்பதற்குள் ஜீப் தண்ணீரை நோக்கி உருண்டது. விறகு விற்க வந்த ராத்தா, முஸ்லிம் அக்கா ஒருவர், தன் தலைச்சுமையை அப்படியே முன்சக்கரத்தின் கீழே போட்டார். ஜீப் நின்றது.

"ஆள் உள்ளுக்க இருக்க விட்டுட்டுப் போறதா, தம்பி?"

"பிரேக் பிடிக்கேல்ல, ராத்தா."

ஏன் பிடிக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். குச்சவெளி மணலில் கூட்டாளிகளுக்காக ஹேண்ட்பிரேக்கை இழுத்து இழுத்து, ஜீப்பைச் சறுக்கவிட்டுத் திருப்பிக் காட்டியவன் நான்தான். கேபிள் அதில் தளர்ந்துபோனது. விழித்தெழுந்த மிஸ்ஸியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசவில்லை. இறங்கிப்போய் ராத்தாவின் கையைப் பிடித்தவர், படகு வரும்வரை விடவில்லை. முறிந்த விறகை நான் கட்டிக்கொடுத்தேன்.

கடவுளே, ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அந்த ராத்தாவிடம் நன்றி என்று வாயால் சொன்னேனா என்பதுதான் நினைவில்லை.