நம் வீட்டு மூன்று ஓட்டு

கண்டாச்சிபுரம்
8-4-2024

அன்புள்ள ஜெயத்துக்கு,

நீ போனை எடுப்பதில்லை. அடித்தால் உன் தங்கை வேணி எடுத்து, "அக்கா வேலையா கீது மாமா" என்கிறாள். அதனால் இருபது வருஷம் கழித்துப் பேனா பிடித்திருக்கிறேன். நீயும் அஸ்வினியும் போய் நாலு நாள் ஆகிறது. கேப்பைக் களி கிண்டினேன், சட்டியை விட்டு வர மாட்டேன் என்கிறது.

தப்பு என்னுடையதுதான். பெரியப்பா மகன் வெங்கடாசலம் தன் கட்சிக்கு ஓட்டுக் கேட்டு வந்தான். சொந்தக்காரன் முகத்தைப் பார்த்து எப்படி இல்லையென்பது? "மூணு ஓட்டும் உனக்குத்தான்டா" என்றேன். மறுநாள் எதிர்க்கட்சிக்காக தேவசகாயம் சார் வந்தார். முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் உனக்கு ஆபரேஷன் ஆனபோது கூடவே அலைந்தவர். அவரிடமும் மூன்று என்றுவிட்டேன். ரெண்டு பேரும் ஓட்டர் லிஸ்டில் நம் பெயர்களுக்கு டிக் போட்டுக்கொண்டார்கள்.

வந்துவிடு.

உன்
கோதண்டபாணி


திண்டிவனம்
12-4-2024

என்னங்க,

இங்கே எல்லோரும் சௌக்கியம். என் கோபமும் சௌக்கியம்.

நீங்கள் வாக்குக் கொடுத்த இருவரும் ஒரே நேரத்தில் நம் வாசலில் நின்று, "மூணும் நமக்குத்தானே?" என்றபோது நான் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது? என் ஓட்டு என்ன உரிக்காத மல்லாட்டை மூட்டையா, ஆளுக்குக் கொஞ்சம் அள்ளிக் கொடுக்க? அஸ்வினிக்கு இது முதல் ஓட்டு. "என்னையும் சேத்து சொல்லிட்டாரேம்மா" என்று அழுதாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

நீங்கள் சொந்தம், நன்றி பார்த்துப் போடுகிறீர்கள். போடுங்கள். நான் குழாயில் தண்ணீர் வருகிறதா, முகையூர் பஸ் ஏன் நின்றது என்று பார்த்துப் போடுகிறவள். நீங்கள் சொன்ன சின்னத்தில் இதுவரை ஒருமுறைகூடப் போட்டதில்லை.

ஓட்டுப் போட வருவோம். வீட்டுக்கு வருவதாக இல்லை.

ஜெயம்


கண்டாச்சிபுரம்
15-4-2024

அன்புள்ள ஜெயம்,

ஒருமுறைகூடவா? உன் கடிதத்தை இரண்டாம் முறை படித்தேன். பிறகு சிரிப்பு வந்துவிட்டது.

இன்று இருவரிடமும் போனேன். "என்னாண்ட கீறது என் ஒரு ஓட்டுதான். மத்த ரெண்டையும் அவங்களயே கேட்டுக்கோங்க" என்றேன். "இன்னாண்ணே, பேஜாரு பண்றியே" என்று வெங்கடாசலம் தலையில் கை வைத்தான். தேவசகாயம் சார் மட்டும் காதோடு சொன்னார்: "எங்க ஊட்டுக்காரம்மா அமலா யாருக்குப் போடுறாங்கன்னு எனக்கே தெரியாதுங்க."

அஸ்வினியிடம் அப்பா மன்னிப்புக் கேட்டதாகச் சொல். வீட்டில் நீங்கள் இல்லாமல் பிடிக்கவில்லை.

கோதண்டபாணி


திண்டிவனம்
20-4-2024

என்னங்க,

நேற்று ஓட்டுப் போட்டுவிட்டு வெளியே வந்தோம். பள்ளிக்கூட கேட்டில் நின்றீர்கள். எங்கள் விரல் மையைப் பார்த்தீர்கள். யாருக்கு என்று கேட்க உங்கள் வாய் துடித்தது எனக்குத் தெரியும். கடைசியில், "வெயில்ல நிக்காதீங்க, பஸ்ஸு வந்துடும்" என்றீர்கள், அவ்வளவுதான். அங்கேயே உங்கள் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, ஜனம் இருந்ததால் விட்டுவிட்டேன்.

பஸ்ஸில் அஸ்வினி, "யாருக்குப் போட்டேன்னு அப்பா கேக்கவே இல்லியேம்மா" என்றாள். திண்டிவனம் வரும்வரை இதையே சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தோம்.

புதன்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். நீங்கள் கேட்கவில்லையே, அதற்காகத்தான்.

உங்கள்
ஜெயம்