ஹோஸ்டா இலையில் ஒரு பந்தி

இல்லை அண்ணி, உங்கள் ஹோஸ்டாச் செடிகள் சாகவில்லை. அவ்வளவு அறுத்த பிறகும் வந்திருக்கின்றன. ஏப்ரல் கடைசியில் ஊதா முனைகளாக மண்ணைத் துளைத்தன. இப்போது ஜூன். எல்லாம் விரிந்துவிட்டன.

மழை விட்ட ஓக் மரத்தடியில் நிற்கிறேன். ஈர இலையின் வாசனை, வெள்ளரிக்காயை நறுக்கியது போல. எனக்கு அதில் இன்னொரு வாசனையும் கலந்திருக்கிறது. சூடான ரசம்.

உங்களை எனக்குப் பிடிக்காது. இதை எழுதும்போதும்.

எடிசன் ஊரில் இந்த வீட்டை வாங்கச் சொன்னது அம்மா. ஈரோட்டில் இருந்தபடி, வீடியோ காலில். வாசல் கிழக்குப் பார்த்திருந்தது, அது போதும். கேமராவைப் பின்பக்கம் திருப்பச் சொல்லி யாரும் கேட்கவில்லை. பின்பக்கம் முழுக்க ஓக் மரங்கள். வெயில் தரைக்கு இறங்காத இடம்.

ஆகஸ்ட் மாதத்தில் இங்கே தமிழ் வீடுகளுக்கு இடையே காய்ப் பைகள் போய்வரும். யார் வீட்டுக்குப் போனாலும் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு பை காத்திருக்கும். சுரைக்காய், புடலங்காய், வெண்டைக்காய். வாங்கினால் திருப்பித் தர வேண்டும். நீங்கள் இரண்டு கோடையில் தக்காளி வைத்துப் பார்த்தீர்கள். வெளிறி உயர்ந்து, பூக்காமல் சாய்ந்தது. அடுத்த வருடம் நர்சரியில் ஒரு ஹோஸ்டா வாங்கினீர்கள். நிழலில்தான் செழிக்கும், அகன்ற இலை, நீலம் கலந்த பச்சை. பிறகு வெள்ளை ஓர இலை, மஞ்சள் இலை, சுருங்கிய இலை என்று வகை வகையாக வாங்கி மரத்தடி முழுவதும் நிரப்பினீர்கள். பூத்தண்டு எழுந்தால் கிள்ளி எறிவீர்கள். இலையில் மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது.

எதிர்வீட்டு ஆன்ட்டி சுரைக்காயோடு வந்தார்.

"இதுல என்ன காய்க்கும்?"

"ஒண்ணும் காய்க்காது ஆன்ட்டி."

"கீரை மாதிரி கடையலாமா?"

"ம்ஹூம்."

"அப்புறம் எதுக்குடி இவ்ளோ மெனக்கெடற? உனக்குன்னு தேடிப் பிடிச்சு வெச்சிருக்க பாரு, காய்க்காததா."

நீங்களும் அண்ணனும் குழந்தைக்காக கிளினிக்குக்குப் போய்ப் போய் ஓய்ந்த வருடம் அது. ஆன்ட்டிக்குத் தெரியும். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

நீங்கள் வெங்காயத்தில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "ஆமா ஆன்ட்டி. உங்களுக்குக் காய்ச்சது ஒண்ணு சியாட்டல்ல இருக்கே, போனாவது எடுக்கறானா?"

ஆன்ட்டி சாப்பிடாமல் போனார். அவருக்கு வைத்த தட்டில் நீங்கள் சாப்பிட்டீர்கள். நான் மாடிப்படியில் நின்றிருந்தேன். என் பக்கம் திரும்பி, "உன் படிப்பு மட்டும் காய்ச்சுத் தொங்குதா, ரிசர்ச் மேடம்? வந்து பாத்திரத்தைத் தேய்" என்றீர்கள். உங்கள் வீட்டு மாடியில் தங்கி நான் படித்த காலம் முழுவதும் எனக்கு அதுதான் பெயர்.

உங்களிடம் கருணை இருந்ததாக எழுத முடியவில்லை. ஓடில்லாத நத்தைகள் இலையைத் துளைத்தபோது மண்ணில் சின்னக் கிண்ணங்களைப் புதைத்து பியர் ஊற்றி வைத்தீர்கள். வாசனைக்கு வந்து விழுந்து சாகும். காலையில் காபி டம்ளரோடு போய் ஒவ்வொரு கிண்ணமாகக் குனிந்து பார்ப்பீர்கள். அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது கராஜில் பியர் டின்களைப் பார்த்துவிட்டார்.

"ஏங்கண்ணு, யாரு குடிக்கறாங்க இதை?"

"நத்தைங்க அத்தை."

"என்னைப் பாத்தா உனக்குக் கிறுக்கியாட்டத் தெரியுதா?"

நீங்கள் ஒரு கிண்ணத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தீர்கள். வெளுத்து ஊறிய உடல்கள். அம்மா அன்று முழுவதும் ஒன்றும் சாப்பிடவில்லை. ஒருவரைப் பட்டினி போடுவது உங்களுக்கு எளிதாக வந்தது.

பிறகு நோயில் உங்களாலேயே சாப்பிட முடியாமல் போனது. போன வருட வசந்தம். சமையலறை ஜன்னலை ஒட்டி நாற்காலி போட்டுக்கொண்டீர்கள். நர்ஸ் வந்து போகும் நாட்களில், வேறு ஊருக்கு மாறிவிட்ட நானும் ரயிலேறி வருவேன்.

"எலை பிரிஞ்சிடுச்சா?"

"பாதி பிரிஞ்சிருக்கு அண்ணி. கிட்டப் போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

"வேணாம். உன் மூஞ்சியப் பாத்தா திரும்ப சுருட்டிக்கும்."

சிரிக்க முயன்று இருமினீர்கள். இருமல் நின்றதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே சொன்னீர்கள். "இந்த வீட்ல நான் செஞ்ச எல்லாத்துக்கும் ஒரு யூஸ் இருந்துச்சு. சமைச்சேன், துவைச்சேன், வேலைக்குப் போனேன், ஊசி போட்டுக்கிட்டேன். இது ஒண்ணுதான் எதுக்கும் ஆகாதது. அப்படியே இருக்கட்டும்."

நீங்கள் அதை என்னிடம் சொன்னதாகத் தெரியவில்லை.

உங்கள் பதினாறாம் நாள் காரியத்துக்கு ஓக் ட்ரீ ரோட்டு இந்தியக் கடையில் வாழையிலை வாங்கினோம். உறைய வைத்த கட்டு. பிரித்தால் கறுத்து, மடிப்பெல்லாம் கிழிந்திருந்தது.

"கறுத்த எலைல சோறு போடறதா? பேப்பர் தட்டுலயும் போட முடியாது. சாமி, என்ன பண்றது இப்ப?" என்றார் அம்மா.

எதிர்வீட்டு ஆன்ட்டி ஜன்னலைத் திறந்தார். "இலைக்கா பஞ்சம்? பின்னாடி பாருங்க."

அண்ணன் போனில் தேடினான். "நாய்க்குத்தான் ஆகாதாம். மனுஷங்களுக்குப் பிரச்சினை இல்ல."

"அப்ப நமக்கு ஓகே" என்றார் ஆன்ட்டி.

அந்தத் தோட்டத்தில் அண்ணன் கால் வைத்து நான் பார்த்ததில்லை. அன்று சமையலறைக் கத்திரிக்கோலோடு போனான். பெரியவற்றில் தொடங்கினான். நீங்கள் முதலில் வாங்கிய அந்த நீலப் பச்சை. காம்பு அறும் சத்தம் ஜன்னல் வரை கேட்டது. அம்மா ஒவ்வொரு இலையாகத் தண்ணீர் தெளித்துத் துடைத்தார். நத்தை துளைத்தவற்றை மட்டும் ஒதுக்கினார்.

அழகாக இருந்தது அண்ணி. பொய் சொல்ல மாட்டேன். இலை குழிந்திருந்ததால் ரசம் வெளியே ஓடாமல் நடுவில் நின்றது. சூடு பட்ட இடம் கறுத்து, அந்த வெள்ளரி வாசனை எழுந்தது. எல்லோரும் போட்டோ எடுத்தார்கள். "பாவம். கடைசில உபயோகமாத்தான் போச்சு" என்றார் ஆன்ட்டி, அப்பளத்தை நொறுக்கியபடி. நானும் சாப்பிட்டேன். பசித்தது. சாவுச் சாப்பாடு, இலையை எதிர்ப்பக்கமாக மடிக்க வேண்டும். மடித்தேன், நிமிர்ந்துகொண்டது. மறுபடி மடித்தேன். நரம்பு தடித்த இலை, மறுபடி நிமிர்ந்தது. அம்மா அதன்மேல் தண்ணீர் டம்ளரைத் தூக்கி வைத்தார்.

இந்த சனிக்கிழமை உங்கள் வருடத் திதி. அம்மா மீண்டும் வந்திருக்கிறார். இந்த முறை யாரும் வாழையிலை தேடவில்லை.

"அவ எலையிலயே போட்டறலாம். வருசா வருசம் அதுதான் மொறைனு வெச்சுக்கலாம்" என்கிறார் அம்மா.

ஆன்ட்டி வேர் கேட்கிறார். "எனக்கும் ஒண்ணு தோண்டிக் குடு. ஆடி வெள்ளிக்கு ஆகும்." உங்களை அவர் இப்போது கெட்டிக்காரி என்கிறார். எதிர்காலத்தை நினைத்து வளர்த்தவள். எல்லோரும் தலையாட்டுகிறார்கள். உங்கள் ஹோஸ்டாக்களுக்குக் கடைசியில் ஒரு பயன் கிடைத்துவிட்டது. இனி ஒவ்வொரு ஜூனிலும் கிடைக்கும்.

அண்ணன் இன்று காலை கத்திரிக்கோலைச் சாணை பிடித்துக்கொண்டிருந்தான். "அவளுக்குப் பிடிச்சிருக்கும் இல்ல?"

"பிடிச்சிருக்காது. உனக்கு அவங்களப் பத்தி என்ன தெரியும்? அவங்க உயிரோட இருந்தப்ப இந்தப் பக்கம் எட்டிப் பாத்தியா?"

அவன் முகம் சுருங்கியது. "ஏன் இப்படிப் பேசற? அவள மாதிரியே."

அப்போதுதான் தெரிந்தது. நீங்கள் எனக்கு எதையும் கொடுத்ததில்லை. பழைய புடவை இல்லை, ஒரு நல்ல வார்த்தை இல்லை. இந்த நாக்கை நானாகத்தான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். அண்ணன் கண்ணில் நீர் கோத்ததைப் பார்த்தேன். எனக்கு நன்றாக இருந்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாலையில் வேலிக்கு அந்தப் பக்கம் மான்கள் வருகின்றன. இந்த ஊரில் அவற்றுக்கு ஹோஸ்டாவை விடப் பிரியமான தீனி கிடையாது. ஒரே பொழுதில் தண்டு வரை மொட்டையடித்துவிடும். வேர் தப்பும், அடுத்த வருடம் துளிர்க்கும். நீங்கள் இருந்திருந்தால் மானை விட்டுவிட்டு என்மேல்தான் கல்லை எறிந்திருப்பீர்கள். எறியுங்கள். மானுக்குப் பசி. இலை எதற்கு ஆகும் என்று அது கேட்பதில்லை. தின்று முடித்துவிட்டு உங்களைப் புகழவும் புகழாது.

இருட்டுவதற்கு முன் வேலிக் கதவின் கொக்கியைக் கழற்றினேன். கதவு தானாகச் சாத்திக்கொள்ளாமல் இருக்க ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்தேன். உள்ளே போய்க் கைகழுவினேன், அம்மாவிடம் சொல்லிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன்.