அதிகாரி கடைக்கு வந்த நாள்

அன்புக் கணவனுக்கு,

கல்லூரி முடித்த கையோடு நான் தொடங்கிய ரொட்டிக்கடையை ஓராண்டாக நானே நடத்துகிறேனா என்று பார்க்க, கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாண அதிகாரி இன்று வந்தார். அவர் பரிந்துரைத்தால்தான் நாம் மூவரும் இங்கே நிரந்தரமாக வாழ முடியும்.

அடுப்பில் கையைச் சுட்டுக்கொண்டதை உனக்கு எழுதவில்லை. பெரிதாக ஒன்றுமில்லை. கையில் போட்டிருந்த துணிக்கட்டு அதிகாரி கண்ணில் படாதபடி மறைத்து நின்றேன்.

அந்த நேரம் கடைக்குள் வந்த பக்கத்து வீட்டு டோரிஸ் அக்கறையாகக் கேட்டாள்: “கை எப்படி இருக்கு கண்ணு? இந்த வாரம் பூரா என் தங்கச்சிதானே மாவு பிசையுறா?”

“அப்ப நீங்க வேலை செய்யறதில்லையா?” என்றார் அதிகாரி.

துணிக்கட்டைப் பிரித்துவிட்டு அவர் முன்னாலேயே மாவைப் பிசைந்தேன். டோரிஸ் அழுதாள். “போதும், நிறுத்துங்க” என்று சொல்லி, எதையோ எழுதிக்கொண்டு அவர் போய்விட்டார். புண் பட்ட அந்த மாவைக் குப்பையில் போட்டேன்.

இங்கே வருவதற்காக, அங்கே செபூ நகரில் உன் வேலையை விடப்போவதாகவும், நம் மகள் லிகாயாவைப் பள்ளியிலிருந்து நிறுத்தப்போவதாகவும் எழுதியிருந்தாய். இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

உன் மனைவி