ஒரு குப்பி எச்சில்

நம் மகளின் அப்பாவுக்கு,

நின்றுகொண்டே எழுதுகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வேலை பார்க்கும் மூளை ஆய்வுக்கூடத்தில் நம் மகளும் ஆய்வுக்குப் பெயர் கொடுத்தாள். தலையெங்கும் பசை தடவி வயர்களை நானே ஒட்டினேன். கண்ணை மூடிச் சும்மா உட்கார வேண்டும், அவ்வளவுதான். ஆனால் திரையில் மின் அலைகள் தாறுமாறாகக் குதித்தன. குனிந்து பார்த்தால், கால் ஆடுகிறது.

"கால ஆட்டாதடி, பதிவு கெடுது."

"நானா ஆட்டுறேன்? அதுவா ஆடுதும்மா."

இந்தப் பதிலை நம் சாப்பாட்டு மேசையில் உங்கள் வாயிலிருந்து எத்தனை முறை கேட்டிருக்கிறேன்.

மூளையில் சுரக்கும் டோபமைனோடு தொடர்புள்ள மரபணுக்களுக்கும் இந்த அலைகளுக்கும் சம்பந்தம் உண்டா என்று ஆய்வை நடத்தும் டாக்டர் தேடுகிறார். "இருக்கலாம், அதுக்கு மேல இப்ப சொல்ல முடியாது" என்கிறார். பரிசோதிக்கப் பெற்றோர் இருவரின் எச்சிலும் வேண்டுமாம். என்னுடையதைக் கொடுத்துவிட்டேன்.

"அவங்கப்பா எங்க இருக்காரு?" என்று கேட்டார். எந்த ஊரிலும் கால் தரிக்காத மனிதரைப் பற்றி என்ன சொல்ல? "வெளியூர்ல" என்றேன்.

எச்சில் குப்பியைத் தபாலிலேயே அனுப்பலாமாம். நேரில் வந்து கொடுத்தால்தான் செல்லும் என்று மகளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நம்பிவிட்டாள்.

நீங்களும் நம்பிவிடுங்கள்.

வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தபடி,
உங்கள் மகளின் அம்மா