தேவமணி டீச்சரின் ரத்தக்குழாய்

பாளையங்கோட்டை,
8 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

போனில் பேசினால் சண்டையில்தான் முடிகிறது, இனி தபாலே போதும் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதுவும் நல்லதுதான். கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது.

இத்துடன் ஒரு ஸ்கேன் சிடி வைத்திருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக மாறுதலில் வந்த தேவமணி டீச்சருடையது. தலைவலி என்று போனவருக்கு மூளை ரத்தக்குழாயில் புடைப்பு இருப்பதாகச் சொல்லிவிட்டார்கள். ஒரு டாக்டர் ஆபரேஷன் வேண்டும் என்கிறார். இன்னொருவர், "பைய பாத்துக்கலாம்மா, ஆறு மாசம் கழிச்சு வாங்க" என்கிறார். ஸ்கேன் படங்களிலிருந்து ரத்தக்குழாயைக் கம்ப்யூட்டரில் உருவாக்கி, அதில் ரத்தம் ஓடுவதைப் பார்ப்பதுதானே உங்கள் வேலை? பார்த்து, உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்கள் கம்பெனி முறைப்படி பெயரை நீக்கித்தான் வாங்கியிருக்கிறேன்.

பெங்களூருக்கு வா என்றீர்கள், வேலையை விட்டு வரமாட்டேன் என்றேன். அதற்கப்புறம் இந்த நாலு வருஷமாக உங்களிடம் நான் எதுவும் கேட்டதில்லை. இதை மட்டும் செய்யுங்கள்.

குற்றாலத்தில் சீசன், சாரல் காற்று இங்கேயும் எட்டுகிறது. மாடியில் உங்கள் புத்தகங்களைக் கரையான் பிடித்துவிட்டது. இதை முன்பே ஒரு தரம் எழுதினேன், பதில்தான் இல்லை.

டார்லின்

---

பெங்களூரு,
17 ஜூலை 2024

பிரியமுள்ள டார்லினுக்கு,

சிடி கிடைத்தது. தலையைச் சீவல் சீவலாக எடுத்த படங்கள், நூற்றுக்கணக்கில். ஒவ்வொன்றிலும் குழாயின் ஓரத்தைக் கம்ப்யூட்டர் வரையும். அது தப்பும் இடத்தில் நான் திருத்துவேன். எல்லாவற்றையும் அடுக்கினால் குழாய் முழுசாக எழுந்து நிற்கும்.

புடைப்பு ஏழு மில்லிமீட்டர். சைக்கிள் டியூப் ஓரிடத்தில் உப்பியிருக்குமே, அந்த மாதிரி. அதன் உச்சியில் இன்னொரு சின்ன முடிச்சும் இருக்கிறது. படத்தில் விழுந்த கறை என்று கம்ப்யூட்டர் அதை மழிக்கப் பார்த்தது, நான் விடவில்லை. ரத்தத்தை ஓடவிட்டால் அங்கேதான் சுழன்று மோதுகிறது.

நான் டாக்டர் இல்லை. என்றாலும் கேட்டதால் சொல்கிறேன்: ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. கம்ப்யூட்டரில் செய்த குழாயின் மாதிரியை இத்துடன் வைத்திருக்கிறேன், ஆபரேஷன் டாக்டரிடம் காட்டச் சொல். டீச்சருக்கு வீட்டில் யார் இருக்கிறார்கள்? தனியாக இருப்பவரானால் நீயாவது கூட இரு.

புத்தகங்களை எடைக்குப் போட்டுவிடு. கோபத்தில் சொல்லவில்லை.

ஜாபேஸ்

---

பாளையங்கோட்டை,
26 ஜூலை 2024

அன்புள்ள அத்தானுக்கு,

மாதிரியைப் பார்த்ததும் டாக்டரே, "நல்லா தெளிவா இருக்கே" என்றார். அவர் ஒரு வேண்டுகோளும் வைத்தார். தலையோடு சேர்த்து ஒரு படம் இருந்தால், எந்தப் பக்கம் திறப்பது என்று யோசிக்க வசதியாக இருக்குமாம். அனுப்புங்கள்.

டீச்சர் தயங்குகிறார். காலாண்டுத் தேர்வு முடியட்டும், பத்தாம் வகுப்பைப் பாதியில் விட முடியாது என்கிறார். ஏழு என்பது உறுதியா என்று தினமும் என்னைப் போட்டுப் பிடுங்குகிறார். ஆபரேஷனில் பேச்சு போய்விட்டால், பாடம் நடத்துகிறவள் என்ன செய்வாள்?

வீட்டில் யாருமில்லை. கணவர் வெளியூரில். சொல்லலாமே என்றேன். "அவியகிட்ட சொன்னா பாவப்பட்டு வருவாவ. பாவப்பட்டு வரது எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை.

புத்தகங்களை எடைக்குப் போடவில்லை. வெயிலில் காயப்போட்டிருக்கிறேன்.

டார்லின்

---

பெங்களூரு,
5 ஆகஸ்ட் 2024

டார்லின்,

நாங்கள் வழக்கமாக எலும்பையும் தோலையும் நீக்கிவிட்டு ரத்தக்குழாயை மட்டும் வைத்துக்கொள்வோம். அதனால் முதல் முறை நான் பார்க்கவில்லை. தலையோடு கேட்டாய் என்று இந்த முறை தோலையும் வரையச் சொன்னேன். திரையில் நீ வந்தாய். கண் மூடி, முடி இல்லாமல், சாம்பல் நிறத்தில். கோபம் வந்தால் உதட்டை உள்ளே மடிப்பாயே, அப்படியே மடித்திருந்தாய். பெயரை எடுத்தவளுக்கு முகமும் அதற்குள் இருக்கிறது என்று தெரியவில்லை.

பக்கத்து மேஜை யூனிஸ், நாசரேத்துக்காரப் பெண், "யாரு சார் இது?" என்றாள். என் மனைவி என்றேன். அந்த வார்த்தையைச் சொல்லி எவ்வளவு காலமாகிவிட்டது!

பிறகு மறுபடி அளந்தேன். ஐந்து வந்தது. இன்னொரு தரம் அளந்தேன், நாலரை. அந்த முடிச்சைக் கறைதான் என்று நானே மழித்துவிட்டேன். அப்புறம்தான் என்ன செய்கிறேன் என்று புரிந்தது. யூனிஸிடம் கொடுத்தேன். அவளுக்கு ஏழுதான் வந்தது, முடிச்சும் வந்தது. தேவமணி டீச்சருக்கு எழுதியதையே நம்பு. உனக்கு என்று அளந்தபோது என் கை பயந்துவிட்டது.

போனில் சொன்னால் சண்டையாகிவிடும், தபாலுக்கு நாளாகும். அதனால்தான் கூரியர். நான் வரட்டுமா? பாவப்பட்டு இல்லை. நீ போய்விடுவாயோ என்று பயந்து.

உன் ஜாபேஸ்

---

பாளையங்கோட்டை,
7 ஆகஸ்ட் 2024

அத்தான்,

தேவமணி டீச்சரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "ஏட்டி, எனக்குத் தலைவலிகூட வந்ததில்ல, என் பேர வச்சு இம்புட்டு நாடகமா போடுத?" என்று திட்டிவிட்டு, என் வகுப்பையும் சேர்த்துப் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

ஆபரேஷனுக்குச் சம்மதித்துவிட்டேன். அடுத்த புதன்கிழமை.

ஏன் மறைத்தாய் என்று நீங்கள் கேட்கவில்லை. என் பெயரைப் போட்டு அனுப்பியிருந்தால் நாலரை என்று எழுதியிருப்பீர்கள். நானும் உங்களை நம்பி ஆறு மாதம் சும்மா இருந்திருப்பேன்.

வாருங்கள். பயந்துகொண்டே வாருங்கள். எனக்கும் பயமாக இருக்கிறது.

டார்லின்