எங்கள் கிணற்று வாளி

14.02.1984, செவ்வாய்

வெங்காயத்துக்குக் களை பிடுங்க வந்த பெண்கள் பத்து மணிக்கே வேலையை விட்டு வரம்பில் உட்கார்ந்துவிட்டார்கள். தாகமென்றால் இனித் தாங்களே எங்கள் கிணற்றில் அள்ளிக் குடிப்பார்களாம். நான் வார்க்க, கையேந்திக் குடிக்க மாட்டார்களாம்.

சொன்னவள் லூர்த்தம்மா. ஐம்பது வயதிருக்கும். என்னைப் போல் விதவை. ஒரே கோயிலில்தான் பூசை காண்கிறோம். நான் முன் வாங்கில், அவள் பின்னால் நிலத்தில்.

இருபது வருடமாக இவர்களுக்கு என் கையால் வார்த்து வருகிறேன். ஒருவர் முகத்திலும் தெறித்ததில்லை. அது மரியாதையில்லாமல் வேறென்ன?

எப்போதும் 'நாச்சியார்' என்பவள் இன்று 'அம்மா' என்றாள். அதையும் கவனித்தேன்.

15.02.1984

ஒருவரும் வரவில்லை.

18.02.1984, சனி

என் கணவருடைய தம்பி செல்வத்துரை வந்தார். தோட்டச் சொந்தக்காரர் எல்லோரும் ஒரே சொல்லாக நிற்கவேண்டுமாம். அவர் வீட்டுக் கிணறு உவர். அவர் மனைவி பொன்மலர் குடிதண்ணீருக்குப் பின்னேரங்களில் இங்கேதான் வருவாள். குடம்கூட எங்கள் கிணற்றுக்கட்டிலேயே இருக்கும்.

"மச்சாள், உங்கடை வாளியை அவளவை தொட்டால் நாங்கள் பிறகு எங்கை போறது?"

தொடவிடமாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை மாற்றிப் பழக்கமில்லை.

23.02.1984

செல்வத்துரை மறுபடியும் வந்தார். அந்தப் பெண்களுக்குக் கூட்டம் வைக்க யாரும் இடம் கொடுப்பதில்லையாம். அதனால் விடியற்காலை வேலைக்கு நடக்கும்போதே கூட்டமாம். லூர்த்தம்மா ஒவ்வொருத்தியையும் கதைக்கவிட்டுக் கடைசியில்தான் வாய் திறப்பாளாம். (நான் படித்த கன்னியர் மடத்துத் தாயாரும் அப்படித்தான். ஏன் இதை எழுதுகிறேன்?)

பதினேழு வயதில் யாரோ ஒருவரின் கிணற்றில் அள்ளியதற்காக அவள் கையை முறித்தார்களாம். "கை முறிஞ்சும் புத்தி வரேல்லை" என்று சிரித்தார்.

இடது கை கோணலாக இருப்பது அதனாலா? பிறவி என்றே நினைத்திருந்தேன். இருபது வருடம் அந்தக் கைக்கு மேல் செம்பைச் சாய்த்திருக்கிறேன். கேட்டதேயில்லை.

02.03.1984

வெங்காயம் முற்றித் தாள் சாய்ந்துவிட்டது. வானம் இருட்டுகிறது. மழைக்கு முன் கிண்டி எடுக்காவிட்டால் அழுகும். இந்தப் பாத்திகளை நம்பித்தான் என் வருடம் முழுவதும். ஆள் அனுப்புவதாகச் சொன்ன செல்வத்துரையைக் காணவில்லை.

07.03.1984, புதன்



நானே கிண்டப் போனேன், எழுபத்தொரு வயதில். நடுப்பாத்தியில் கால் மடங்கி விழுந்தேன். எழும்ப முடியவில்லை. கொடுவெயில். கூப்பிட்டது ஒருவருக்கும் கேட்கவில்லை. வேலியோரத்து ஒழுங்கையால் போன லூர்த்தம்மாவுக்குத்தான் கேட்டது. வேலியைப் பிரித்து வந்து என்னை நிழலுக்கு இழுத்தாள். தண்ணீர் என்றேன்.

கிணற்றைப் பார்த்தாள். "வாளியைத் தொடவேணும். தொடட்டோ, இல்லாட்டிச் செல்வத்துரையரைக் கூட்டிக்கொண்டு வரட்டோ?"

கேலியா? முகத்தில் சிரிப்பில்லை. அள்ளு என்றேன்.

செம்பு வீட்டுக்குள் இருந்தது. அவள் வாளியோடு வந்து நின்றாள். நான் என்ன செய்தேன் — இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினேன். யார் சொல்லித் தந்தது?

கையேந்திக் குடிக்கும்போது வார்ப்பவளின் முகம் தெரியாது. போதும் என்று சொல்ல வாய் ஒழியாது. என் முகத்தில் ஒரு துளி தெறிக்காமல்தான் வார்த்தாள். ஆனாலும் முழங்கையால் வழிந்து மடியெல்லாம் நனைந்துவிட்டது.

நான் வார்த்தது மரியாதைதானே?

09.03.1984

தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்றார்கள். கட்டுப் போட்டு அனுப்பிவிட்டார்கள்.

வாக்கை உடைத்தது அவளா, நானா? அள்ளு என்றது நான். அப்படியென்றால் அது உடைந்துவிட்டது, இனி என்ன — இல்லை, அப்படியும் இல்லை.

லூர்த்தம்மா கிணற்றில் அள்ளலாம், வேலைக்கு வரட்டும் என்று சொல்லி அனுப்பினேன். போனவரிடம் அவள் திருப்பிச் சொல்லிவிட்டது: "எனக்கு மட்டுமோ, எல்லாருக்குமோ எண்டு அம்மாவைக் கேளுங்கோ."

10.03.1984

எல்லாருக்கும்.

12.03.1984, திங்கள்

பதினான்கு பேர் வந்தார்கள். காலை நீட்டி உள்ளேயே இருந்தேன். கிணற்றுக் கப்பி பகல் முழுவதும் சத்தமிட்டது. பொழுதுபட முன் கிண்டி முடித்துவிட்டார்கள். மழை இன்னும் இல்லை. போகும்போது வாளியைக் கவிழ்த்து வைக்கிறார்களா என்று பார்த்தேன். கவிழ்த்துத்தான் வைத்தார்கள்.

பொன்மலர் தண்ணீருக்கு வரவில்லை. நொண்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். அவள் குடத்தை யாரோ எடுத்துப் போயிருக்கிறார்கள். அது இருந்த இடத்தில், கிணற்றுக்கட்டில், வட்டமாக ஓர் அடையாளம்.

நாளை வெங்காயத்தைப் பிடிபிடியாகக் கட்ட வருவார்கள். அந்த இடத்தில் அவர்கள் குடிக்க ஒரு செம்பு வைக்கவேண்டும். வீட்டில் இருப்பதோ நான் குடிக்கும் செம்பு ஒன்றுதான். அதை அங்கே வைத்தால், நான் எதில் குடிப்பது?